காதிஸில் மாப்பிள்ளை விசாரித்த நாள்

கல்யாணத்துக்குப் பையனைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இரண்டு பேராக வருவார்கள். வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே தெருவில் மெதுவாக நடப்பார்கள். கடைசியில் என் கடை முன்னால் நின்று, தேவையில்லாத ஒரு பொருளை வாங்குவார்கள். பெரும்பாலும் வாழைப்பழம். அதை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இந்தத் தெருவுல..." என்று ஆரம்பிப்பார்கள்.

தூத்துக்குடியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில் எனக்குப் பலசரக்குக் கடை. ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அப்பாவுக்கு உதவியாக வந்து நின்றவன், இன்னும் அங்கேதான் நிற்கிறேன். எனக்குக் கூச்சம் அதிகம், பேச்சு குறைவு. கடைக்காரனுக்கு இது பெரிய குறை. ஆனால் பையன் விசாரிக்க வருகிறவர்களுக்கு என்னைப் போன்ற ஆள்தான் சௌகரியம். பையன் நல்லவன் என்றால் கேள்வி முடியும் முன்பே "நல்ல பையன்" என்று சொல்லிவிடுவேன். அப்படி இல்லையென்றால், "எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, எதையோ பொட்டலம் கட்டுவதற்குக் காகிதம் கிழிக்க ஆரம்பிப்பேன். வந்தவர்கள் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். ஒரே தெருவில் முப்பது வருடம் கடை வைத்திருப்பவனுக்கு அதே தெருப் பையனைப் பழக்கமில்லாமல் போகுமா?

என் மகள் எங்கள் ஊரிலேயே மீன்வளப் படிப்புப் படித்துவிட்டு, மேல்படிப்புக்கு ஸ்பெயின் தேசத்தில் காதிஸ் என்ற துறைமுக ஊருக்குப் போனாள். கடலுக்கு அடியில் வளரும் புல்லைப் பற்றி அங்கே ஆராய்ச்சி. மூன்றாவது வருடத்தில் ஒருநாள் போனில் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். ஆராய்ச்சிக்காக இவர்களைக் கடலுக்குள் அழைத்துப்போகும் படகை ஓட்டுகிறவர். என் மனைவி அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அங்கன யாருகிட்டப் போயி விசாரிக்க?" என்றுதான் கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் தங்கையை அவசரத்தில் விசாரிக்காமல் வெளியூரில் கொடுத்தோம். ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். அவள் திரும்பி வந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டோம். தங்கள் மேல் தப்பு இல்லை என்று காட்ட, அவளைப் பற்றி அந்த வீட்டார் கட்டிவிட்ட கதைகளைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் வாயிலிருந்தே அதையெல்லாம் கேட்டோம்.

"நீங்க போயி பாருங்க. சரின்னு பட்டா சரி. இல்லன்னா இல்ல. அவகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள் மனைவி. மகளும் அதற்கு ஒத்துக்கொண்டாள். நீங்கள் இரண்டு பேரும் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொன்னாள். ஆக, வேண்டும், வேண்டாம் என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். மகள் அனுப்பிய டிக்கெட்டில், திருச்செந்தூர் இலை விபூதியும் இரண்டு பெட்டி மக்ரூனுமாக விமானம் ஏறினேன்.

போன அன்று சாயங்காலமே அவரைப் பார்த்தேன். உயரம், தாடி. தலையின் இரண்டு பக்கமும் தோல் தெரிய மழித்து, உச்சியில் மட்டும் பனங்குருத்து மாதிரி முடி நிமிர்ந்து நின்றது. கையைக் குலுக்கினார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கை பிடித்துப்போவது வேறு, விசாரணை வேறு.

மூன்றாம் நாள் மகளுக்கும் அவருக்கும் கடலில் வேலை, மத்தியானம்தான் திரும்புவார்கள். "யப்பா, வெளிய போனாப் பயப்படாதீங்க. ஊரைச் சுத்திக் கடல்தான். கடலை ஒரே கைப்பக்கமா வச்சிக்கிட்டே நடந்தா நம்ம வீட்டுக்கே வந்திருவீங்க" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டினாள்.

"அவரு வீடு எங்கன இருக்கு?"

"மீன்காரங்க இருக்கிற பக்கம். ஏன்?"

"சும்மாதான்."

அவள் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் நான் சட்டையை மாட்டினேன்.

காதிஸ் கடலுக்குள் நீட்டிய நாக்கு போன்ற ஊர். கடல்சுவரை ஒட்டி நடந்தேன். காற்று வேட்டியைப் பிடுங்கும் காற்று. நல்ல வேளையாக அன்று பேண்ட் போட்டிருந்தேன். பழைய வீடுகளின் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தால் கல் முழுக்கச் சிப்பி. கடலுக்கு அடியில் எடுத்த கல். எங்கள் ஊரிலும் பழைய பெரிய வீடுகளைக் காரை உரிந்த இடத்தில் பார்த்தால் கடல்கல்தான் இருக்கும். முத்துச்சிப்பி எடுத்த கடற்கரையிலிருந்து வந்தவன், சிப்பி பதித்த சுவரைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மொட்டை மாடிகளில் சின்னச் சின்னக் கோபுரங்கள் இருந்தன. அந்தக் காலத்து வியாபாரிகள் தங்கள் கப்பல் வருகிறதா என்று ஏறிப் பார்ப்பதற்குக் கட்டியது என்று மகள் சொல்லியிருந்தாள். சரக்கு வருமா வராதா என்று தெரியாமல் படியேறி இறங்கும் வியாபாரியை என்னால் நன்றாகவே நினைத்துப் பார்க்க முடிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தெருமுனைகள்தான். தெருவெல்லாம் ஒடுக்கம். வண்டி திரும்பும்போது வீட்டு மூலையில் இடித்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு மூலையிலும் பழைய பீரங்கி ஒன்றைத் தலைகீழாக நட்டு வைத்திருக்கிறார்கள். நிஜமான, சண்டைக்குப் போன பீரங்கி. எங்கள் தெருமுனை வீட்டுக்காரர் இதே காரியத்துக்கு உடைந்த ஆட்டுரல் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார். இரண்டுமே லாரிக்காரர்களிடம் நிறையத் திட்டு வாங்கியிருக்கும்.

மீன் வாடை வந்த பக்கமாகத் திரும்பினேன். தெரு இன்னும் ஒடுங்கியது. மாடியில் துணி காய்ந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவரை ஒருவர் உரக்கக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது. போனில் அவருடைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். மொழி தெரியாது. ஆனால் படத்தைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினால், எந்த ஊர்க் கடைக்காரருக்கும் விஷயம் விளங்கிவிடும் என்று நம்பினேன்.

முதலில் காப்பிக்கடை. முறைப்படி, தேவையில்லாமல் ஒரு காப்பியும், எண்ணெயில் பொரித்த ஏதோ ஒன்றும் கைகாட்டி வாங்கினேன். பிறகு போனை மேஜையில் வைத்துப் புருவத்தை உயர்த்தினேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார். உடனே உள்ளே பார்த்து ஏதோ கத்தினார். அவர் மனைவி ஈரக் கையோடு வந்தார். காப்பி குடித்துக்கொண்டிருந்த மூன்று பெரியவர்கள் எழுந்து வந்தார்கள். போன் தாம்பூலத் தட்டு மாதிரி கை மாறியது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார், ஒருவர் கடலைக் காட்டினார். யாருமே ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அதுதான் எனக்குச் சந்தேகமாகப் போனது. ஐந்து பேர் யோசிக்காமல் ஒருவனை நல்லவன் என்றால், அது அவனுடைய மாமா கடையாக இருக்கும். என் அனுபவம் அப்படி. நன்றி என்று அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த மூன்று பெரியவர்களும் வாசல்வரை வந்து நான் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்தது முடிதிருத்தும் கடை. எங்கள் ஊரில் யாரைப் பற்றியும் உண்மை தெரிய வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். சொந்தக்காரன் மறைப்பான், பக்கத்து வீட்டான் கூட்டிச் சொல்வான், முடி வெட்டுகிறவர் உள்ளதைச் சொல்வார். கைகளில் பச்சை குத்திய இளைஞர் ஒருவர் நாற்காலியைத் திருப்பிக் காட்டினார். உட்கார்ந்தேன். போனில் மாப்பிள்ளை படத்தைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி ஏதோ கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். இவர்தான் சரியான ஆள், யோசித்துச் சொல்கிற ஆள் என்று நினைத்து, நான் அழுத்தமாக ஆட்டினேன். அவர் துணியைப் போர்த்திவிட்டார். நம் ஊரிலும் வேலையைத் தொடங்கிவிட்டுத்தானே பேச்சை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். மெஷின் என் காதுக்கு மேலே ஏறியது.

விஷயம் எனக்கு விளங்கியபோது வலது பக்கம் முழுசாகப் போயிருந்தது. ஒரு பக்கம் போன பிறகு நிறுத்தச் சொல்லி என்ன செய்ய? தவிர, நிறுத்துங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்குத் தமிழிலேயே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கண்ணாடியில் என் முகத்தின் மேல் மருமகனாக வரப்போகிறவரின் தலை இருந்தது. உச்சியில் இருந்த நரைமுடியை ஏதோ பசை தடவி நிமிர்த்தி வைத்திருந்தார். பின்பக்கம் ஒரு கண்ணாடியைப் பிடித்து அதையும் காட்டினார். அவருக்கு அப்படி ஒரு பெருமை. கட்டைவிரலை உயர்த்தினார். வேறு வழியில்லாமல் நானும் உயர்த்தினேன்.

வெளியே வந்ததும் காதோரம் காற்று பட்டுச் சில்லென்று இருந்தது. அப்போது பார்த்து மனைவி கூப்பிட்டாள். ஊரில் மூன்றரை மணி, கடையில் கூட்டமில்லாத நேரம்.

"என்னங்க, கேட்டீயளா?"

"ரெண்டு இடத்துல கேட்டேன்."

"என்ன சொல்லுதாவ?"

"டீக்கடையில ரொம்ப நல்லா சொல்லுதாவ. சொந்தக்காரங்களா இருக்கும்."

"முடிவெட்டுத கடைக்குப் போனீயளா?"

"போனேன்."

"அங்கன?"

"பேச்சு எடுக்க முடியல."

"அங்கன போயி பேச்சு எடுக்க முடியலன்னா பொறவு எங்கனதான் எடுப்பீய? வீடியோவுல வாங்க, உங்களையாவது பாக்கட்டும்."

"இங்கன சிக்னல் சரியில்ல ஏளா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

மூன்றாவதாக மீன் மார்க்கெட். அங்கே போனதும் கூச்சம் பாதி போய்விட்டது. சாளை, கணவாய், பாறை எல்லாம் தெரிந்த முகங்கள். ஒரு ஆள் நீளத்துக்குச் சூரை மீனைக் கிடத்தி, ரப்பர் மேலாடை கட்டிய ஒரு பெண்மணி துண்டு போட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கத்தி பிடித்த விதத்திலேயே பல வருடத் தொழில் என்று தெரிந்தது. படகு ஓட்டுகிறவனைப் பற்றி மீன் விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. படத்தைக் காட்டினேன்.

கத்தி நின்றது. அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னை, முக்கியமாக என் தலையை. பெருமூச்சு விட்டார். பக்கத்துக் கடைப் பெண்ணிடம் இரண்டே வார்த்தை சொன்னார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு இவர் தன் மோதிர விரலைத் தொட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தைக் கழற்றிக் கடலில் எறிவது போலக் கையை வீசிக் காட்டினார். அவ்வளவுதான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வாங்க யாருமே இல்லாத நேரத்தில், பொட்டலம் கட்டக் காகிதம் கிழிக்க ஆரம்பித்தார்.

அந்தக் காகிதம் கிழியும் சத்தத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கடலோரமாக ஒரு பெரிய மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். நம் ஆலமரத்துக்குச் சொந்தக்காரன் போல ஒரு மரம். மோதிரம் என்றால் கல்யாணம். எறிந்தான் என்றால் விட்டுவிட்டான். ஏற்கெனவே ஒருத்தி இருந்திருக்கிறாள். இப்போதும் இருக்கிறாளோ என்னவோ. மகளுக்குத் தெரியுமா? தெரிந்தும் மறைத்தாளா? தெரியாவிட்டால் நான்தான் சொல்ல வேண்டும். முந்தின நாள் அவர் பெயரைச் சொல்லும்போது மகளின் முகம் இருந்த விதம் எனக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்ற ஒரு வார்த்தையை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வரவில்லை.

ஒருவர் சொன்னதை வைத்து முடிவு செய்வது நியாயமில்லை என்று எழுந்தேன். என் கடை மாதிரியே ஒரு கடையைத் தேடினேன். பீரங்கி நட்ட ஒரு மூலையில் கிடைத்தது. இரண்டு ஆள் நிற்கும் அகலம். சாக்கில் பயறு, அலமாரியில் டப்பா, மேலே கொக்கியில் பன்றித்தொடைகள். சாம்பல் நிற அங்கி போட்ட கடைக்காரருக்கு என் வயது இருக்கும். நான் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டேன். உரிக்கவில்லை. படத்தை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிக் காட்டி மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் என் நெஞ்சில் கை வைத்தேன். அவர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஷட்டரைப் பாதி இறக்கினார். என் முழங்கையைப் பிடித்துத் தெருவில் அழைத்துக்கொண்டு நடந்தார்.

இந்த முப்பது வருடத்தில் நானே கடையை விட்டு இறங்கி, வந்தவர்களைப் பையன் வீட்டுக்குக் கூட்டிப்போனது இரண்டே தடவை. இரண்டு பேருமே, என் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நான் ஆசைப்பட்ட பையன்கள். ஆனால் இவர் நடையில் அவசரம் இருந்தது. அது எனக்குப் புரியவில்லை.

நான்கு வீடு தாண்டி ஒரு மாடி வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். பலகணியில் ஒரு பெண்மணி வந்தார். முகம் வெளுத்திருந்தது, கையில் போன். என்னைப் பார்த்ததும் பலகணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாசலில் ஏற்கெனவே சிலர் கூடியிருந்தார்கள். காப்பிக்கடைப் பெரியவர்கள் மூன்று பேரும் அங்கே நின்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலுக்குப் போயிருக்கும் ஒருவனுடைய படத்தை ஓர் அந்நியன் தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு, அவன் வீடு எது என்பது போல அலைகிறான். தாய் போன் போட்டால் மகன் எடுக்கவில்லை, ஏனென்றால் படகில் சிக்னல் இல்லை. எங்கள் கடற்கரையில் இப்படி ஒருவன் வந்தால், கடலுக்குப் போனவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். அந்த அர்த்தத்தைத்தான் இவர்களும் எடுத்திருக்கிறார்கள். கடல் ஊரில் பிறந்து வளர்ந்த நான் காலையிலிருந்து ஒரு தடவைகூட இதை யோசிக்கவில்லை.

அந்தத் தாய் படியிறங்கி ஓடி வந்தார். நான் அவசர அவசரமாகப் போனில் வேறு படத்தைத் தேடினேன். நான், மனைவி, மகள் மூன்று பேரும் கடை முன்னால் நிற்கும் படம். மகள் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன், பிறகு என் நெஞ்சைத் தொட்டேன். பிறகு எதற்கென்று தெரியாமல் இரண்டு கையையும் கூப்பினேன். அந்த அம்மா படத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகுதான் என் தலையைக் கவனித்தார். தன் மகன் படத்தை வாங்கி என் தலைக்குப் பக்கத்தில் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். தெருவே சிரித்தது. என் மொட்டைப் பக்கத்தில் செல்லமாக ஓர் அடியும் விழுந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஷட்டரைத் திறக்கப் போனார். வாழைப்பழம் இன்னும் என் கையில்தான் இருந்தது.

மகளும் அவரும் மூன்று மணிக்கு அந்த அம்மா வீட்டுக்கே வந்தார்கள். படகு கரைக்கு வந்து போனில் உயிர் வந்ததும் இருபது முப்பது அழைப்பு விழுந்திருக்கிறது. மகள் படியேறி வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. என் தலையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யப்பா, என்னப்பா இது?"

"விசாரிச்சேன்."

"தலையிலயா விசாரிச்சீங்க?"

அந்த அம்மா எல்லாரையும் மேஜையில் உட்கார வைத்தார். பொரித்த மீன், ரொட்டி, தக்காளி. நான் கொண்டுவந்த மக்ரூன் ஒன்றை மகள் பையிலிருந்து எடுத்து வைத்தாள். அந்த அம்மா கடித்துப் பார்த்து, தங்கள் ஊரிலும் முட்டை வெள்ளையை அடித்து இப்படிச் செய்வது உண்டு, ஆனால் முந்திரி கிடையாது என்றாராம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இவருக்கு முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா?"

அவள் கை நின்றது. "யாரு சொன்னா?"

"மீன் மார்க்கெட்ல, சூரை வெட்டுத ஒரு அம்மா."

"அது அந்தப் பொண்ணோட சித்தி. கல்யாணம் ஆகல, நிச்சயம் ஆச்சு. எனக்கு எல்லாம் தெரியும்பா, பழகின முதல் மாசமே சொல்லிட்டாரு. நான் சொன்னா என் பேச்சாப் போயிரும். நீங்க அவருகிட்டயே கேளுங்க. அவரு சொல்றத அப்படியே சொல்லுதேன், ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

நான் கேட்டேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது வேண்டாம் என்று சொன்னாராம். ஏன் என்று கேட்டேன்.

"பயந்துட்டேன்னு சொல்றாரு. ஆறு மாசத்துக்கு முன்னாடியே தெரியும், சொல்றதுக்குத் துணிச்சல் இல்லாம நாளைத் தள்ளினேன்னு சொல்றாரு. அவங்க வீட்டுக்குப் போய் அவங்க அம்மா முன்னாடி நின்னாராம். அவங்க அறைஞ்சாங்களாம். அது சரிதான்னு சொல்றாரு."

"அந்தப் பிள்ளை எப்படி?"

மகள் கேட்டுச் சொன்னாள். "நல்லவ. இப்ப வேற ஊர்ல கல்யாணமாகி நல்லா இருக்கா."

நான் இன்னொரு தடவை கேட்டேன். கடைக்காரன் புத்தி. ஒரே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி இரண்டாம் தடவை கேட்டால்தான் உள்ளே இருப்பது வரும். "அந்தப் பிள்ளை பேர்ல ஒரு குறைகூட இல்லையா? சின்னதா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரே வார்த்தை சொன்னார். மகள் சொல்லாமலே எனக்கு அது புரிந்தது. இல்லை.

என் கடை வாசலில் முறிந்த கல்யாணங்களைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் முடிவில் பெண்ணைப் பற்றி ஒரு கதை வந்துவிடும். இவர் தப்பை எடுத்துத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். என் தங்கை நினைவு வந்தது. தண்ணீர் குடித்தேன்.

"இப்ப துணிச்சல் வந்துட்டா?" என்று கேட்டேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதையும் சொன்னாள். அவர் என் தலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு இருக்கிற அளவு இல்லைன்னு சொல்றாரு."

அதற்குப் பிறகு எனக்கு மீன் இறங்கியது. நான்கு துண்டு சாப்பிட்டேன்.

ஊரில் ஏழு மணி. கடையில் கூட்டமான நேரம். ஆனாலும் மனைவி வீடியோவில்தான் கூப்பிட்டாள், இந்தத் தடவை தப்பிக்க முடியவில்லை. மேஜையில் போனை நிறுத்தினேன். அவள் திரையைப் பார்த்து மரியாதையாகச் சேலைத் தலைப்பைச் சரி செய்தாள்.

"வணக்கம் தம்பி. மாமா பக்கத்துல இருக்காவளா?"

"நான்தான் ஏளா."

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். அப்புறம் தூரமாகப் பிடித்தாள். "நல்லாத்தான் போயிட்டு வந்தீய முடிவெட்டுத கடைக்கு" என்றாள். பிறகு குரலை இறக்கி, "விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெருமூச்சு, மோதிரம், நிச்சயம், இருபது நாள், அறை. ஒன்றையும் விடவில்லை. மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தாயும் மகனும் ஒரு வார்த்தை புரியாமல் என் வாயைப் பார்த்தார்கள். நான் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது எனக்கே ஆச்சரியம்.

"அந்தப் பிள்ளையைக் குறை சொல்லலையா?"

"இல்ல."

"ஒரு வார்த்தைகூட?"

"ரெண்டு தடவை கேட்டேன். இல்ல."

பின்னால் யாரோ கற்பூரம் கேட்கிற சத்தம். மனைவி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நீங்க என்ன சொல்லுதிய?"

"எனக்குச் சம்மதம்."

"அப்ப எனக்கும்தான்" என்றாள். மகள் எழுந்து சன்னலோரம் போய் நின்றுகொண்டாள். அவர் என்ன நடந்தது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவள் திரும்பி ஒரு வார்த்தை சொன்னதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

ஆனால் அவருடைய அம்மா இருவரையும் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். போனைத் தன் பக்கம் திருப்பி, மகளைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். மகள் சிரிப்பும் கண்ணீருமாகத் தமிழில் சொன்னாள்.

"யம்மா, இவங்க கேக்காங்க. உங்க வீட்டுக்காரர் காலையில இருந்து எங்க தெரு முழுக்க விசாரிச்சிட்டாரு. எனக்கும் ஒரே பிள்ளைதான். உங்களைப் பத்தி நான் யாருகிட்டப் போய் விசாரிக்கன்னு."

"நியாயந்தானே" என்றாள் மனைவி. உடனே போனைத் திருப்பி, கடை முன்னால் நின்றவர்களில் உப்பளத்து வேலை முடிந்து வந்த அக்கா ஒருவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "யக்கா, எங்க வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. சம்பந்தகாரவ கேக்காவ."

"யாரு, இந்த வெள்ளைக்காரம்மாவா?"

"ஆமா. உள்ளதைச் சொல்லுங்க."

அந்த அக்கா தலை முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு திரைக்குள் பார்த்தார். "நல்ல வீடும்மா. பிள்ளை தங்கமான பிள்ளை. அண்ணாச்சி தராசுல கை வைக்க மாட்டாரு. அவரு வீட்டம்மா மட்டும் கொஞ்சம் வெடுக்குன்னு பேசும், மனசுல ஒண்ணும் கிடையாது. ஒரே குறைதான். அண்ணாச்சிகிட்ட சீனி கேட்டா சீனி வரும், பேச்சு வராது. மழை வருமான்னு கேட்டாக்கூட வானத்தைத்தான் காட்டுவாரு."

மகள் ஒன்று விடாமல் ஸ்பானிஷில் சொன்னாள். அந்த அம்மா கேட்டுவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் மனைவி.

"பேச்சு எங்க வீட்டுல நிறைய இருக்கு, வேணுங்கறத எடுத்துக்கச் சொல்லுன்னு சொல்றாங்கம்மா. அவங்களுக்கும் சம்மதமாம்."

"அப்ப நாள் பாத்திரலாம்" என்ற மனைவி, போனைக் கல்லாமேல் சாய்த்து வைத்துவிட்டு உப்பளத்து அக்காவைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வேணும்னு சொன்னீய?"

"அரைக் கிலோ துவரம்பருப்பு" என்றார் அந்த அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.